மனிதத் தோல் நிறத்தின் பரம்பரையலகுகள்: ஒரு திறந்த பட்டியலைக் கட்டுவது பற்றி

(கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் மாணவர்களும் ஆசிரியர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருந்தகையீர், மாணவச் செல்வங்களே, முழங்காவில், ஒட்டுசுட்டான், மல்லாவி என்று தூர இடங்களிலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

மனிதத் தோலின் நிறத்துக்குக் காரணமான பரம்பரையலகுகளை, அதாவது தமிழகத்து நண்பர்கள் மரபணு என்று குறிப்பிடுபவற்றை, இணையத்தில் எவரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பட்டியலாகத் தொகுப்பது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இத்தகைய பட்டியலைப் பற்றிப் பேசும்போது, அதில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று கேட்பதே வழக்கம். நான் அவ்வாறு தொடங்க விரும்பவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இது நிறத்தோடு தொடர்புடையது என்பதை எந்தச் சான்றினால் அறிந்தோம், யாருடைய தோலில் அறிந்தோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதப்பட்டிருக்கும் பட்டியலே நம்பத்தக்கது என்பது என் உறுதியான கருத்து. அந்த விடைகளை எழுதும் பணிக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. பொறுமையாக வாசிக்கும் மனிதர்கள் தேவை. அப்படிப்பட்டவர்கள் வன்னியில் இருக்கிறார்கள் என்று நம்புவதால்தான் இந்த அவையில் நிற்கிறேன்.

முதலில் நிறம் எங்கே உருவாகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். மேற்றோலின் அடியடுக்கில் மெலனின் கலங்கள் அமர்ந்திருக்கின்றன. அவற்றுக்குள் மெலனோசோம் எனப்படும் நுண்ணிய உறைகளில் மெலனின் என்ற நிறப்பொருள் தயாராகிறது. ஒரு மெலனின் கலம் தன்னைச் சூழ்ந்துள்ள ஏறத்தாழ 36 கெரற்றின் கலங்களுக்கு, அதாவது மேற்றோலின் பெரும்பகுதியாக அமைந்த கலங்களுக்கு, இந்த மெலனோசோம்களைக் கொடுக்கிறது. கறுத்த மேனியருக்கும் வெளுத்த மேனியருக்கும் மெலனின் கலங்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு கிடையாது. மெலனோசோம்களின் பருமன், அவற்றில் நிரம்பும் மெலனினின் அளவும் வகையும், அவை கெரற்றின் கலங்களில் பரவியிருக்கும் விதம், எவ்வளவு விரைவில் சிதைக்கப்படுகின்றன என்பன போன்றவற்றில்தான் வேறுபாடு இருக்கிறது. எனவே நிறத்துக்கு ஒரே ஒரு பரம்பரையலகு காரணமாக இருக்க முடியாது. தைரோசின் என்ற அமினோ அமிலத்தை மெலனினாக மாற்றும் பாதையின் முதற்படியை நிகழ்த்தும் தைரோசினேசு நொதியத்தை டிவைஆர் என்ற பரம்பரையலகு தருகிறது. மெலனோசோமின் உட்புற அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்துவதற்கு ஓசிஏ2 உதவுகிறது. கபிலமும் கறுப்புமான யூமெலனினா, சிவப்பும் மஞ்சளுமான பியோமெலனினா எது கூடுதலாக உருவாக வேண்டும் என்பதை எம்சி1ஆர் என்ற வாங்கி, அதாவது கலத்துக்கு வரும் சமிக்ஞையை ஏற்கும் புரதம், பெருமளவு தீர்மானிக்கிறது. உருவான மெலனோசோம்களைக் கலத்தின் ஓரத்துக்குக் கொண்டுசெல்ல ஆர்ஏபி27ஏ, எம்வைஓ5ஏ, எம்எல்பிஎச் ஆகிய மூன்றும் சேர்ந்து இயங்குகின்றன. மெலனின் கலமே கருவில் உருவாகித் தோலை வந்தடைவதற்கு எம்ஐடிஎஃப், கேஐடி, எஸ்ஓஎக்ஸ்10 முதலியவை வேண்டும். இவற்றுள் எந்த இடத்தில் மாற்றம் நேர்ந்தாலும் அது தோலிலோ மயிரிலோ கண்ணிலோ தெரியக்கூடும்.

இந்தப் பெயர்கள் நமக்குக் கிடைத்த வழிகள் பல. சில வழிகள் மிகப் பழையவை. வெள்ளெலி வளர்த்தவர்கள் நிறம் மாறிப் பிறந்த எலிகளைப் பிரித்து வளர்த்ததில் தொடங்கிய ஆய்வுகள், 20ஆம் நூற்றாண்டு முழுவதும் பிறப்புரிமையியலுக்கு, அதாவது மரபியலுக்கு, சோறு போட்டன. அல்பினிசம், அதாவது பிறவியிலேயே மெலனின் மிகக் குறைந்தோ இல்லாமலோ இருக்கும் நிலை, உள்ள குடும்பங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் இன்னொரு பக்கமிருந்து வந்தார்கள். 1987இல் மனிதத் தைரோசினேசின் பரம்பரையலகு வரிசை வெளியிடப்பட்டது. 2005இல் நடந்தது எல்லோரையும் வியக்க வைத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீத் செங்கின் குழுவினர், கோடுகள் வெளிறிய ஒரு வகை வரிக்குதிரை மீனை ஆராய்ந்து, அதன் வெளிறலுக்குக் காரணம் எஸ்எல்சி24ஏ5 என்ற பரம்பரையலகின் பழுது என்று கண்டார்கள். மனிதரின் அதே பரம்பரையலகிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வை மீன் முளையத்தில் செலுத்தியபோது, மீனுக்கு இருண்ட நிறம் திரும்பியது. அதன் பின்னர் மனிதரிடம் தேடியபோது, அந்தப் புரதத்தின் 111ஆவது இடத்தில் அலனினுக்குப் பதிலாகத் திரியோனின் வந்த வடிவமே ஐரோப்பியரில் ஏறத்தாழ எல்லோரிடமும் இருப்பது தெரிந்தது. கலப்புப் பூர்வீகம் கொண்ட மக்களிடம் அளந்து பார்த்ததில், ஐரோப்பிய, ஆபிரிக்க மக்களுக்கு இடையிலான மெலனின் வேறுபாட்டில் 25 முதல் 38 சதவீதம் வரை இந்த ஒரே மாற்றத்தால் விளக்கப்படக்கூடும் என்று மதிப்பிட்டார்கள்.

அதன் பின்னர் வேகம் கூடியது. பல்லாயிரம் பேரின் டி.என்.ஏ.யை ஒரேநேரத்தில் ஒப்பிடும் ஆய்வுகள் வந்தன. 2019இல் அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று மனிதர், சுண்டெலி, வரிக்குதிரை மீன் ஆகிய மூன்றிலிருந்தும் நிறத்தோடு தொடர்புடைய 650 பரம்பரையலகுகளைச் சரிபார்த்துத் தொகுத்தது. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், மெலனின் கலங்களில் பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து, மெலனின் அளவை மாற்றும் 169 பரம்பரையலகுகளைக் கண்டார்கள். அவற்றுள் 135 முன்னர் நிறத்தோடு தொடர்புபடுத்தப்படாதவை.

இங்கேதான் நம் சிக்கல் தொடங்குகிறது. 650 என்ற எண்ணையும் 169 என்ற எண்ணையும் பார்க்கும் ஒருவர், இரண்டையும் சேர்த்து ஒரு நீண்ட நிரலாக எழுதிவிடலாம் என்று எண்ணக்கூடும். அவ்வாறு எழுதினால் அது பெயர்க்குவியலாகவே இருக்கும். ஒரு குடும்பத்தில் அல்பினிசத்தை உண்டாக்கும் பழுது, ஊர் மக்கள் அனைவரிடமும் காணப்படும் இயல்பான நிற வேறுபாட்டை விளக்கும் மாற்றம், ஆய்வுகூடத்துக் கிண்ணத்தில் வளர்க்கப்பட்ட கலத்தில் மெலனினைக் கூட்டியோ குறைத்தோ காட்டிய பரம்பரையலகு, மீனின் கோட்டை மட்டும் மாற்றிய பரம்பரையலகு என்ற நான்கும் வெவ்வேறு வகைச் சான்றுகள். இவற்றை ஒரே நிரலில் நிறுத்துவது நியாயமாகாது. சான்றின் வகையை ஒவ்வொரு பதிவிலும் தனித்தனியாகக் குறிப்பதே முதல் கடமை. ஒரே பரம்பரையலகு ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளிலும் வரலாம். எஸ்எல்சி24ஏ5இன் ஒரு மாற்றம் கோடிக்கணக்கான மனிதரின் இயல்பான நிறத்தில் பங்கு கொள்கிறது. அதே பரம்பரையலகு முற்றாகப் பழுதானால், ஆறாம் வகை அல்பினிசம் ஏற்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே வரியில் எழுதினால், வெளிர்நிறத்துக்கான இயல்பான வடிவத்தையே ஒரு நோய் என்று வாசகர் நினைத்துவிடக்கூடும்.

பதிவு எழுதுவதில் உள்ள கடினத்துக்கு இன்னோர் உதாரணம் சொல்கிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஐரோப்பியரிடம் காணப்படும் நீலக் கண்ணுக்குக் காரணமான இடம் எது என்று தேடிய ஆய்வுகள், 2008இல் 15ஆவது நிறமூர்த்தத்தில், அதாவது குரோமோசோமில், எச்இஆர்சி2 என்ற பரம்பரையலகுக்குள் இருக்கும் ஒரு புள்ளியைச் சுட்டின. புள்ளி என்று நான் சொல்வது, டி.என்.ஏ.யின் ஓர் எழுத்து மனிதருக்கு மனிதர் வேறுபடும் இடத்தை. ஆனால் எச்இஆர்சி2இன் புரதத்தை அந்தப் புள்ளி மாற்றுவதில்லை. அந்த இடம் பக்கத்திலுள்ள ஓசிஏ2 எவ்வளவு இயங்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. குளத்தின் துருசு ஒருவருடைய காணியின் ஓரத்தில் இருக்கும். அதைத் திறந்தால் நீர் பாய்வது அடுத்தவருடைய வயலுக்கு. துருசு நிற்கும் காணிக்காரரின் பெயரில் அந்த விளைச்சலை நாம் எழுதுவதில்லை. அப்படியானால் அந்தப் புள்ளியை எந்தப் பரம்பரையலகின் கீழ் பதிவது? எச்இஆர்சி2இன் கீழ் மட்டும் பதிந்தால் இயக்கத்தைத் தவறாகச் சொன்னதாகும். ஓசிஏ2இன் கீழ் மட்டும் பதிந்தால், மூல ஆய்வுக் கட்டுரையைத் தேடி வருபவர் வழி தவறுவார். ஆகவே மாற்றம் அமைந்துள்ள இடம், அதனால் பாதிக்கப்படும் பரம்பரையலகு என்ற இரண்டு நிரல்கள் வேண்டும். இரண்டாவது நிரலில் எழுதுவதற்கு எந்தப் பரிசோதனை ஆதாரம் என்பதற்கு மூன்றாவது நிரல் ஒன்றும் வேண்டும். மக்கள்தொகை ஆய்வுகள் சுட்டும் புள்ளிகளில் பெரும்பாலானவை இப்படிப் புரதத்துக்கு வெளியே நிற்பவைதான். அருகிலுள்ள பரம்பரையலகின் பெயரைத் தூக்கி வைத்துவிட்டு நகரும் பட்டியல்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன். அருகாமை என்பது சான்றாகாது.

பெயர்களின் குழப்பமும் உண்டு. எஸ்எல்சி45ஏ2 என்று இன்று நாம் எழுதுவதைப் பழைய கட்டுரைகள் எம்ஏடிபி என்றும் ஏஐஎம்1 என்றும் எழுதின. எஸ்எல்சி24ஏ5க்கு என்சிகேஎக்ஸ்5 என்றொரு பெயரும் வழங்கியது. மனிதப் பரம்பரையலகுகளுக்கு அதிகாரபூர்வமான பெயரிட்டு எண் கொடுக்கும் பெயரிடற் குழு ஒன்று இருக்கிறது. அந்த எண்ணை எழுதாமல் எந்தப் பதிவையும் தொடங்கக் கூடாது. கணினி விரிதாளில் வேலை செய்பவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மார்ச், செப் என்று தொடங்கிய பரம்பரையலகுப் பெயர்களை விரிதாள் மென்பொருள் தானாகவே திகதிகளாக மாற்றிவிட்டு, ஆயிரக்கணக்கான ஆய்வு அட்டவணைகளைப் பழுதாக்கியது. அந்தத் தொல்லை தாங்காமலே 2020இல் அப்பெயர்கள் மாற்றப்பட்டன. நாமும் விரிதாளில்தான் தொடங்கப்போகிறோம் என்பதால் ஒவ்வொரு கட்டத்தையும் எழுத்து வடிவமாக முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும்.

இடத்தைக் குறிப்பதிலும் கவனம் தேவை. எஸ்எல்சி24ஏ5இல் நான் சொன்ன அந்தப் புள்ளிக்கு ஆர்எஸ் 1426654 என்று பெயர். உசாத்துணை மரபுத்தொகுதியின், அதாவது ஒப்பிடுவதற்கு அடிப்படையாக வைத்திருக்கும் முழு மனித டி.என்.ஏ. வரிசையின், முந்தைய பதிப்பில் அது 15ஆவது நிறமூர்த்தத்தின் ஏறத்தாழ 4 கோடியே 84 இலட்சமாவது எழுத்து. அடுத்த பதிப்பில் ஏறத்தாழ 4 கோடியே 81 இலட்சமாவது எழுத்து. பதிப்பு எண்ணைக் குறிக்காமல் இடத்தை எழுதினால் வாசகர் வேறொரு இடத்தில் போய்த் தேடுவார். அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. அந்த உசாத்துணை வரிசையில் இப்புள்ளியில் எழுதப்பட்டிருப்பது ஏ என்ற எழுத்து. அதாவது பின்னர் தோன்றிய வெளிர்நிற வடிவம். அதன் விளைவாக, மனித குலத்தின் மூத்த வடிவமான ஜி, கணினியின் விடைத்தாளில் மாற்றம் என்ற தலைப்பின் கீழ் வந்து நிற்கிறது. ஆபிரிக்காவிலும் கிழக்காசியாவிலும் மிகப் பெரும்பான்மையோரிடமும், நம்மிடையே கணிசமானோரிடமும் இருக்கும் வடிவம் அது. இயல்பு, விகாரம் என்ற சொற்களை இந்த நிரலில் யாரும் எழுதக் கூடாது; மூத்த வடிவம், பின்வந்த வடிவம் என்றே எழுத வேண்டும். இதை நான் வெறும் நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை. அறிவியலின்படியும் அதுவே சரியான கூற்று.

அடுத்த நிரல், யாருடைய தோலில் என்பது. இதுவே என் மனத்துக்கு மிக நெருக்கமான நிரல்.

உலகில் நடந்த பெரிய அளவிலான பரம்பரை ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை ஐரோப்பியப் பூர்வீகம் கொண்டவர்களிடமே நடந்தன. தோலின் நிறம் மிகப் பரந்து வேறுபடும் நிலப்பரப்புகள் வேறெங்கோ இருக்க, வேறுபாடு குறைந்த மக்களிடம் தேடியதால், பல பரம்பரையலகுகள் கண்ணுக்குப் படவில்லை. 2017இல் அமெரிக்க மரபியலாளர் சாரா டிஷ்காஃப் தலைமையிலான குழு எத்தியோப்பியா, தன்சானியா, பொற்சுவானா ஆகிய நாடுகளில் 1,570 பேரின் நிறத்தை அளந்து டி.என்.ஏ.யோடு ஒப்பிட்டபோது, எம்எஃப்எஸ்டி12 என்ற பரம்பரையலகின் பங்கு தெரியவந்தது. கழியூதாக் கதிரால் சிதைந்த டி.என்.ஏ.யைத் திருத்தும் வேலையில் ஈடுபடும் டிடிபி1இன் அயலிலும் நிறத்தோடு தொடர்புடைய மாற்றங்கள் காணப்பட்டன. ஆபிரிக்கருக்குள்ளேயே நிறம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதும், வெளிர்நிற வடிவங்கள் சில மிகப் பழையவை, அவை ஆபிரிக்காவிலேயே தோன்றியவை என்பதும் அந்த ஆய்வின் பயனாகத் துலங்கின.

தென்னாசியாவைப் பொறுத்தவரை, 2007இல் பிரித்தானியாவில் வாழும் தென்னாசியரிடம் நடந்த ஆய்வு எஸ்எல்சி24ஏ5, எஸ்எல்சி45ஏ2, டிவைஆர் ஆகிய மூன்றின் பங்கையும் காட்டியது. 2013இல் ஐதராபாத்தின் கல, மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும், தென்னாசியரிடம் உள்ள எஸ்எல்சி24ஏ5இன் பின்வந்த வடிவமும் ஐரோப்பியரிடம் உள்ளதும் ஒரே மூதாதை வடிவத்திலிருந்து வந்தவை என்று காட்டினார்கள். இலங்கையில் தமிழரிடமும் சிங்களவரிடமும் இந்தப் புள்ளியின் இரண்டு வடிவங்களும் கலந்தே இருக்கின்றன. நம் வீடுகளில் ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் கறுப்பாகவும் தங்கை பொதுநிறமாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோர் இருவரிடமும் இரண்டு வடிவங்களும் இருந்தால், பிள்ளைகளில் ஒவ்வொருவரும் மூன்று சேர்க்கைகளில் எதையும் பெறலாம். இப்படிப்பட்ட புள்ளிகள் பல சேரும்போது விளைவுகள் எண்ணற்றவையாகின்றன. கர்ப்ப காலத்தில் குங்குமப்பூப் பால் குடித்ததாலோ குடிக்காததாலோ ஒரு பிள்ளையின் நிறம் மாறுவதில்லை. இந்தக் கூட்டத்தில் மாமியாரின் பேச்சைக் கேட்டு மனம் நொந்த தாய்மார் இருந்தால், இதை மட்டுமாவது வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2015இல் நிறைவடைந்த ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தில் 26 மக்கட் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் டி.என்.ஏ. வரிசை வெளியிடப்பட்டது. அதில் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் ஒரு தனிக் குழுவாக இடம்பெற்றிருக்கிறார்கள், 102 பேர். உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் தினமும் பயன்படுத்தும் தரவில் நம்மவர் இருப்பது பெருமைதான். ஆனால் அந்தத் திட்டத்தில் பங்குபற்றியவர்களின் தோல் நிறமோ உடல்நலமோ பதிவு செய்யப்படவில்லை. எனவே நம்மிடம் எந்த எழுத்து எத்தனை பேரிடம் இருக்கிறது என்று அந்தத் தரவு சொல்லும். அந்த எழுத்துக்கும் நம் தோலுக்கும் உள்ள உறவை அது சொல்லாது. வேறு மக்களிடம் கண்ட விளைவை நம்மீது அப்படியே ஏற்றிச் சொல்வது ஊகமாகும். பட்டியலில் அந்த வெற்றிடம் வெற்றிடமாகவே தெரிய வேண்டும். நிரப்பியதுபோலக் காட்டுவதைவிட, இலங்கைத் தமிழரிடம் அளக்கப்படவில்லை என்று எழுதுவதே அறிவியலுக்குச் செய்யும் மரியாதை.

அளப்பது என்றால் எப்படி என்று கேட்பீர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபெலிக்ஸ் ஃபொன் லூஷான் என்பவர் 36 கண்ணாடி வில்லைகளைத் தோலோடு ஒப்பிட்டு நிறத்துக்கு எண் கொடுத்தார். பார்ப்பவரின் கண்ணுக்கேற்ப எண் மாறியது. அந்த எண்களை வைத்து மனிதரை இனங்களாகத் தரம்பிரிக்கவும் செய்தார்கள். இன்று தோலில் ஒளியைப் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளியின் அளவிலிருந்து மெலனின் சுட்டெண்ணைக் கணிக்கும் கருவி இருக்கிறது. அதை வைத்து அளக்கும் இடம் மேற்கையின் உட்புறம். காலபோகமும் சிறுபோகமும் வயலில் நின்றவரின் முன்கையில் அளந்தால் கிடைப்பது சூரியனின் கணக்கு; மேற்கையின் உட்புறத்தில் அளந்தால் கிடைப்பது ஏறத்தாழப் பிறப்பின் கணக்கு. 9 பாகை வட அகலக்கோட்டை ஒட்டி, ஆண்டு முழுவதும் கடும் வெயில் விழும் வன்னியில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. ஆகவே ஒவ்வொரு பதிவிலும், நிறம் எவ்வாறு, உடலின் எந்த இடத்தில் அளக்கப்பட்டது என்பதையும் எழுதியே ஆக வேண்டும். பங்குபற்றியவர்களிடம் தங்கள் நிறம் எது என்று வினாக்கொத்தில் கேட்டுப் பெற்ற விடையையும் கருவியின் அளவையும் சமமாக வைக்கக் கூடாது.

கறுத்த தோல் வெப்பவலயத்தில் ஏன் நிலைபெற்றது என்பதற்கு, நீனா ஜப்லொன்ஸ்கியும் ஜோர்ஜ் சாப்ளினும் 2000இல் முன்வைத்த விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. கழியூதாக் கதிர் இரத்தத்திலுள்ள ஃபோலேற்று என்ற உயிர்ச்சத்தைச் சிதைக்காமல் மெலனின் காக்கிறது. கதிர் குறைந்த வடக்கில் விற்றமின் டி உருவாக வெளிர்தோல் உதவுகிறது என்பது அதன் சாரம். இது பட்டியலுக்கான முன்னுரையில் இடம்பெறலாம். தனிப் பதிவுகளில் இதற்கு இடமில்லை.

இந்தப் பட்டியலால் வன்னியில் யாருக்குப் பயன் என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். முதற்பயன் அல்பினிசத்தோடு பிறந்த பிள்ளைக்கு. வெளிர்மேனி மட்டும் அதன் அடையாளமல்ல. விழித்திரையின் நடுப்பகுதி முழுமையாக வளராததால் பார்வை குறைவாக இருக்கும். கண்மணிகள் தாமாகவே ஆடிக்கொண்டிருக்கும். வகுப்பின் பின்வரிசையில் அமர்த்தப்பட்ட அப்பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாது. ஆசிரியர் அதைக் கவனக்குறைவு என்று கருதிவிடுவார். முன்வரிசையும், பெரிய எழுத்தும், விளிம்பு அகன்ற தொப்பியும், முழுக்கைச் சட்டையும் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை மாற்றும். இவற்றைச் செய்வதற்குப் பரம்பரையலகின் பெயர் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் ஹெர்மன்ஸ்கி-புட்லாக் என்ற வகையில், வெளிறலோடு குருதி உறையாமையும் சேர்ந்து வரும். சில உபவகைகளில் நுரையீரலும் பாதிக்கப்படும். பல் பிடுங்குவதற்கு முன்னரே மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இந்த இடத்தில் பரம்பரையலகின் பெயர் உயிர் காக்கும். தமிழில் வாசிக்கக்கூடிய ஒரு பதிவு, கிளினிக் வாசலில் காத்திருக்கும் தாயின் கையடக்கத் தொலைபேசியில் இருந்தால், அவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பார்.

வெண்படை எனப்படும் விற்றிலிகோவை இதனோடு குழப்பக் கூடாது. அது உடலின் எதிர்ப்புச் சக்தியே மெலனின் கலங்களைத் தாக்குவதால் வருவது, தொற்றுவதில்லை, அதோடு தொடர்புடைய பரம்பரையலகுகள் பெரும்பாலும் நோயெதிர்ப்பைச் சார்ந்தவை. பட்டியலில் அதற்குத் தனிப்பிரிவு வேண்டும்.

நிறம் வெளுக்கும் களிம்புகளைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. தைரோசினேசைத் தடுக்கும் இரசம், அதாவது மேர்க்கூரி, சில களிம்புகளில் சேர்க்கப்படுகிறது. அது சிறுநீரகத்தைச் சிதைக்கும். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள பிள்ளையையும் தாக்கக்கூடும். இரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாற்றா உடன்படிக்கை, மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் இரசம் சேர்ந்த அழகுப் பொருட்களை 2020உடன் நிறுத்த வேண்டும் என்று விதித்தது. ஏற்கெனவே சிறுநீரக நோயின் சுமையை அறிந்த நம் பிரதேசத்தில், கலியாணப் பேச்சுக்காக ஒரு பெண்பிள்ளை இந்த நஞ்சை முகத்தில் பூசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தாங்கமுடியாத துயரம். டிவைஆர் பற்றிய பதிவில், இந்த நொதியத்தைத் தடுக்கும் பொருட்கள் என்ற பகுதியில், இது தமிழில் தெளிவாக எழுதப்பட வேண்டும்.

பட்டியல் எதற்குப் பயன்படாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 41 புள்ளிகளை வைத்துக் கண், மயிர், தோல் ஆகியவற்றின் நிறத்தை ஊகிக்கும் தடயவியல் முறை ஒன்று 2018இல் வெளியானது. அது தோலை ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது. காணாமற்போன உறவுகளைத் தேடும் குடும்பங்கள் வாழும் இந்த மண்ணில், எலும்புகள் தோண்டி எடுக்கப்படும்போது இது உதவாதா என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன விடையையே இங்கும் சொல்கிறேன். ஒருவரை டி.என்.ஏ. வழியே இன்னாரென்று அடையாளம் காண்பது, பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளை, உடன்பிறந்தோரின் டி.என்.ஏ.யோடு ஒப்பிடுவதால்தான் இயலும். நிறத்துக்குரிய புள்ளிகள் ஆயிரம் பேருக்குப் பொதுவானவை. அவை ஒருவருடைய பெயரைச் சொல்ல மாட்டா. இந்தப் பட்டியலின் பெயரால் எவரும் அந்தக் குடும்பங்களுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாது. சாதியையோ குலத்தையோ ஊரையோ நிறப் புள்ளியிலிருந்து வாசிக்க முயல்வதற்கும் இதில் இடமில்லை.

இனி வேலைமுறைக்கு வருகிறேன். அமெரிக்க மருத்துவர் விக்டர் மக்யூசிக் பரம்பரை நோய்களின் பட்டியலை 1966இல் அச்சுப் புத்தகமாகத் தொடங்கினார். 1987இல் அது கணினி வழியே எவரும் அணுகும் வடிவத்தைப் பெற்றது. இன்றும் அது ஒவ்வொரு நாளும் திருத்தப்படுகிறது. நாம் கட்டப்போவது அதற்குப் போட்டியல்ல. அந்தப் பெரிய தரவுத்தளங்களின் எண்களோடு இணைந்து நிற்கும், சான்றையும் மக்கட் குழுவையும் முன்நிறுத்தும், தமிழில் வாசிக்கத்தக்க சிறிய பட்டியல். ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் ஒருவரையொருவர் கலந்தாலோசிக்காமல் வாசித்துப் படிவத்தை நிரப்ப வேண்டும். இரண்டு படிவங்களும் முரண்பட்டால், மூன்றாமவர் மூலக் கட்டுரையைத் திறந்து தீர்க்க வேண்டும்; முரண்பாடும் அழிக்கப்படாமல் பதிவிலேயே இருக்க வேண்டும். சுருக்கத்தை மட்டும் வாசித்து எழுதுவதை ஏற்க முடியாது. அட்டவணையும் பின்னிணைப்பும் பார்க்கப்பட வேண்டும். பின்னர் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லாச் சான்றுகளையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் திகதி வேண்டும். எந்தத் தனிமனிதரின் டி.என்.ஏ.யும் பெயரும் ஒளிப்படமும் இதில் சேராது. வெளியிடப்பட்ட ஆய்வுகளின் தொகுப்பு மட்டுமே.

எங்கிருந்து தொடங்குவது? 650உம் வேண்டாம், 169உம் வேண்டாம். அல்பினிசத்தின் எட்டு வகைகளிலிருந்து தொடங்குவோம். முதல் வகைக்கு டிவைஆர், இரண்டாவதற்கு ஓசிஏ2, மூன்றாவதற்கு டிவைஆர்பி1, நான்காவதற்கு எஸ்எல்சி45ஏ2, ஆறாவதற்கு எஸ்எல்சி24ஏ5, ஏழாவதற்கு எல்ஆர்எம்டிஏ, எட்டாவதற்கு டிசிடி. ஐந்தாம் வகை ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தில் 4ஆவது நிறமூர்த்தத்தின் ஒரு பகுதியோடு தொடர்புபடுத்தப்பட்டதே தவிர, அதற்குரிய பரம்பரையலகு இன்னும் இனங்காணப்படவில்லை. அந்தப் பதிவையும் திறந்து, இடத்தை மட்டும் எழுதி, பெயருக்குரிய கட்டத்தை வெறுமையாக விடுவோம். அடுத்ததாக, எம்சி1ஆர், எம்எஃப்எஸ்டி12, எச்இஆர்சி2 ஆகியவற்றை எடுக்கலாம்.

எஸ்எல்சி24ஏ5க்கான மாதிரிப் பதிவு ஒன்றை நான் தமிழில் எழுதி வந்திருக்கிறேன். வாசலருகே உள்ள மேசையில் அதன் பிரதிகளும் வெற்றுப் படிவங்களும் இருக்கின்றன. உயிரியல் ஆசிரியர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு பரம்பரையலகை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் கட்டுரையை வாசிக்கத் தயங்கும் மாணவர்கள் ஆசிரியரோடு சேர்ந்து அமருங்கள். டிவைஆரின் பதிவு மிக நீளமானது. அதற்கு மட்டும் மூன்று இணைகள் தேவைப்படும். ஓசிஏ2ஐ எடுப்பவர்களோடு எச்இஆர்சி2ஐ எடுப்பவர்கள் தொடர்பில் இருக்க வேண்டும். மாதிரிப் பதிவில் தமிழ் வாக்கியம் எங்காவது விளங்காமல் இருந்தால், உயிரியல் படிக்காத பெற்றோரே அதை அடிக்கோடிட்டுத் தாருங்கள். அந்த வாக்கியத்தைத் திருத்திய பின்னரே பதிவு வெளியிடப்படும். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.